மெஷின் அழுத இடம்

மெஷின் அழும் என்று எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லியிருக்கவில்லை.

மேல்விஷாரத்துக்கு வெளியே, பாலாற்றைப் பார்த்தபடி நின்ற ஒரு பழைய மாளிகையின் பின்பக்க அறையில் நாங்கள் குடியிருந்தோம். அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. அம்மா மாளிகையில் பாத்திரம் தேய்த்து, பெருக்கி, வீட்டுக்காரம்மா பீபிம்மாவுக்கு எடுபிடி வேலையும் செய்தாள். நவாப் காலத்துக் கட்டடம் என்பார்கள். சுவர் அவ்வளவு தடிமன். ஜன்னல் கட்டையில் குறுக்கே படுத்துக் காலை நீட்டினால்கூட என் கால் வெளியே வராது.

பீபிம்மாவின் மகனுக்குத் தோல் வியாபாரத்தில் மனசு இல்லை. நவாப்கள் சண்டை போட்ட காலத்தில் முன்னோர்கள் எதையாவது புதைத்துவிட்டுத்தான் ஓடியிருப்பார்கள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. மெட்ராஸிலிருந்து ஒரு தோஸ்த்தைக் கூட்டிவந்தார். பெல்பாட்டம் போட்ட அந்த ஆளின் கையில் நீளக் கம்பு மாதிரி ஒரு மெஷின். அதன் நுனியில் தட்டு மாதிரி ஒரு வட்டம். மண்ணுக்கு மேலே அதை ஆட்டிக்கொண்டு நடப்பார். கீழே இரும்போ பித்தளையோ இருந்தால் அது 'ங்ஙே' என்று கத்தும். பிறந்த குழந்தையின் குரலேதான்.

"ஐய, இன்னா இது, அழுவுது!" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு எல்லோருக்கும் அதே பேச்சுதான். அங்கே அழுவுது பாரு, இங்கே கம்மியா அழுவுது. அம்மா மட்டும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு லீவு. அதனால் மண்வெட்டி அப்பாவின் கைக்கு வந்தது. மெஷின் அழுத இடமெல்லாம் வெட்டினார். குதிரை லாடம், பித்தளைப் பொத்தான், பிடி இல்லாத ஒரு கத்தி, சாண் நீளத்துக்கு ஒரு சாவி எல்லாம் வந்தன. மகன் சாவியைத் தூக்கிக் காட்டினார். வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பீபிம்மா, "அதுக்குப் பூட்டு ஒன் மாமியார் ஊட்ல இருக்கும் பேட்டா. மொதல்ல அந்த ஊட்டைத் தேடு" என்றார். கல்யாணப் பேச்சு எடுத்தாலே ஓடுகிற மகன் அவர். அப்பாகூட வாயைத் துண்டால் மூடிக்கொண்டு சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மெட்ராஸ்காரர் எங்கள் அறைக்குப் பின்னால் இருந்த கொய்யா மரத்தடிக்குப் போய்விட்டார். மெஷின் அதுவரை அழாத அழுகை அழுதது.

"பொட்டிதான்! எவ்ளோ ஜாஸ்தியா அழுவுது பாரு!" என்று மகன் ஓடினார். "வெட்டுப்பா!"

அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"இன்னா யோசனை?"

"கல்லு சார் அது. வெறும் கல்லு."

"கல்லுக்கெல்லாம் இது அழாதுய்யா" என்றார் மெட்ராஸ்காரர். மகன் பொறுக்காமல் அப்பாவின் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கினார்.

அம்மா சாம்பல் கையோடு வராந்தாவுக்கு ஓடினாள். பீபிம்மாவின் காலடியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். என் காதில் விழுந்தது இதுதான்: "தங்கம் அது... அங்கதாம்மா கீது. மேல இரும்புத் தகடு போட்டுக் கீறோம்."

எங்களிடம் தங்கம் இருக்கிறது!

பீபிம்மா முந்தானையை இழுத்துத் தலையை மூடினார். செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு அந்த வெயிலில் வெறுங்காலோடு மரத்தடிக்குப் போனார்.

"இங்க வேணாம்."

"அம்மீ, பொட்டி இருக்குது!"

"இரும்புத் தகடு. நாந்தான் போட்டு மூடச் சொன்னேன். மம்ட்டிய அவர்கிட்ட குடு." மெட்ராஸ்காரரின் பக்கம் திரும்பினார். "அழுதுகினே இருக்குது பாரு, மொதல்ல அத நிறுத்துப்பா."

மெஷின் நின்றது. பீபிம்மா இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தி, உதடு மட்டும் அசைய எதையோ கேட்டார். எங்கள் தங்கத்தில் பங்கு கேட்கிறார் என்று எனக்குப் பயமாகப் போயிற்று.

நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். ஆனால் அந்தச் சொல் எனக்கு விளங்காமல் போனதற்குப் படிப்பு காரணமில்லை. பல வருஷம் கழித்து, எனக்குத் தலைப்பிரசவம். ஆஸ்பத்திரியில் நர்சம்மா அம்மாவிடம், உங்களுக்கு எத்தனை பிள்ளை என்று கேட்டார். "இவ ஒருத்திதாம்மா. மொதல்ல ஒண்ணு, தங்காதது" என்றாள் அம்மா.

தங்கம் அது இல்லை. தங்காதது.

பிறகு அப்பாதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு ஆண் குழந்தை. அது போன அன்றைக்குப் பார்த்துப் பாலாற்றில் வெள்ளம். சுடுகாடு அக்கரையில். அடுத்தவர் வீட்டு மண் என்று தெரிந்தும், யாரிடமும் கேட்கத் துணிவில்லாமல், கொய்யா மரத்தடியில் புதைத்திருக்கிறார்கள். ஷாப்பில் தோலிலிருந்து வழித்துப் போடும் ஜவ்வைத் தின்று பழகிய நாய்கள் அந்தப் பக்கம் ஏராளம். அவை தோண்டிவிடக் கூடாது என்றுதான் தகடு. இத்தனையையும் உருது பேசுகிற பீபிம்மா அந்த ஒரு தமிழ்ச் சொல்லிலேயே புரிந்துகொண்டுவிட்டார்.

எனக்கு என்ன புரிந்தது? மெஷின் அழுத அன்று சாயங்காலம் அம்மா எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"எனுக்கு இன்னாம்மா செஞ்சி போடுவ?" என்று கேட்டேன்.

"இன்னாத்துல?"

"கொய்யா மரத்தாண்ட கீதே, அதுல."

சீப்பு நின்றது. பாதி போட்ட பின்னலை அவிழ்த்து, அம்மா மறுபடியும் உச்சியிலிருந்து வார ஆரம்பித்தாள்.

"அது ஒனுக்கு மூத்ததும்மா" என்றாள். "அங்கியே இருக்கட்டும்."

என்னைவிட மூத்தது என்றால் நவாப் காலத்துத் தங்கமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, சந்தோஷமாகத் தலையைக் காட்டினேன்.