இறங்காத மாமா

சென்னையில் வேலை பார்க்கும் என் மகளுக்கு அலுவலகம் போய்வர ஒரு சைக்கிள் வேண்டியிருந்தது. அவள் குள்ளம், என் அம்மா வழி உயரம். கடைப் பையன் அவளை உடனே ஏறி உட்காரச் சொல்லவில்லை. வண்டியை இரு கால்களுக்கும் நடுவில் வைத்து நிற்கச் சொன்னான். "ரெண்டு பாதமும் தரையில முழுசா படணும் மேடம். சிக்னல்ல நிக்கணும்ல. ஓட்டுறத அப்புறம் பாக்கலாம்" என்றான். அவள் நின்றாள். நான் கடைக்கு வெளியே வந்து, போகிற பஸ்களைப் பார்ப்பவன்போல் நின்றுகொண்டேன். மாமாவுக்கு நான் செய்தது என்னவென்று முழுசாகப் புரிய எனக்கு இத்தனை வயதும் ஒரு சிக்னலும் தேவைப்பட்டிருக்கின்றன.

மாமா, அம்மாவின் தம்பி. திருத்தங்கலில் எங்கள் வீட்டில் தங்கி, பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அச்சடிக்கும் பிரஸ் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருந்தார். லேபிள் கட்டுகளைப் பட்டாசுக் கம்பெனிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. சொந்த சைக்கிள் இருந்தால்தான் வேலை நிலைக்கும் என்று முதலாளி சொல்லிவிட்டார். மாமா என் அப்பாவின் தோளுக்குக் கீழே நிற்பார். மூன்றாம் வகுப்புப் படித்த எனக்கு அதில் யாரிடமும் சொல்லாத ஒரு வெட்கம் இருந்தது.

விருதுநகர் சைக்கிள் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். கடைக்கார அண்ணாச்சி அவரை மேலும் கீழும் பார்த்தார். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. நடுவில் கம்பி இல்லாத ஒரு வண்டியை உருட்டிவந்தார்.

"தம்பி, இத எடுத்துக்கிடுங்க. நின்னா காலு நல்லா ஊனும். லோடு ஏத்துனாலும் பயமில்ல."

மாமா ஏறி உட்கார்ந்து, கால் ஊன்றிப் பார்த்தார். முகத்தில் நிம்மதி தெரிந்தது.

"ஐய, மாமா, இது பொம்பளையாளுக வண்டில்ல" என்றேன். உரக்கத்தான் சொன்னேன்.

பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். "மருமகன் கேக்காருல்ல, பதில் சொல்லுங்க."

கடையே சிரித்தது. நான் பேசியதற்குப் பெரியவர்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மாமாவும் சிரித்தார். பிறகு இறங்கி, சுவரோரம் நின்ற உயரமான கறுப்பு வண்டியைக் காட்டினார்.

"அதக் குடுங்க அண்ணாச்சி."

"கவுரவமா வந்து பெடல மிதிக்கும்? காலு எட்டணும்ல தம்பி."

"பெடல்ல கட்டை வச்சுக் குடுங்க. எட்டும்."

பெடல்களில் மரக்கட்டை வைத்து முடுக்கி, சீட்டை அடிவரை இறக்கிக் கொடுத்தார்கள். ஓடும்போது கால் பெடலுக்கு எட்டியது. நிற்கும்போது தரைக்கு எட்டவில்லை. ஆகவே ஏற ஒரு கல்லும் இறங்க ஒரு கல்லும் மாமாவுக்கு வேண்டும். வீட்டு வாசலில் துவைகல், பிரஸ்ஸுக்கு முன்னால் வாய்க்கால் பாலம், கம்பெனி வாசலில் ஒரு பாறை. அதனதன் ஓரமாக வண்டியை அணைத்து, கால் வைத்து, தேரிலிருந்து இறங்குகிறவர்போல் இறங்குவார். அது அவருடைய தோரணை என்றே நினைத்திருந்தேன்.

தீபாவளி சீசனில் ஒரு சனிக்கிழமை என்னை முன்கம்பியில் உட்காரவைத்துக் கிளம்பினார். பின்னால் கேரியரில் லேபிள் கட்டு. கீழே விழுந்து அழுக்கானால் கம்பெனி வாங்காது. மாமாவின் வேலையும் போய்விடும்.

வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. லாரி, மாட்டுவண்டி, சைக்கிள் எல்லாம் நின்றன. மாமா நிற்கவில்லை. கேட்டுக்கு முன்னால் மிஞ்சியிருந்த இடத்தில் ஹேண்டிலை ஒடித்துத் திரும்பினார். ஒரு வட்டம். இன்னொரு வட்டம். மாட்டின் கொம்புக்கும் லாரியின் விளக்குக்கும் நடுவே புகுந்து புகுந்து வந்தோம். ஆட்கள் சேரச் சேர இடம் குறுகியது, வட்டமும் குறுகியது, வண்டி சாய்ந்தது, கட்டு முனகியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மனிதனால் இப்படியும் முடியுமா என்று அன்று வியந்ததுபோல் பிறகு நான் எதற்கும் வியந்ததில்லை.

"யோவ், இறங்கி நில்லும்யா. சர்க்கஸ் பாக்க நாங்க டிக்கெட் எடுக்கல" என்றார் லாரி டிரைவர்.

"மருமகப்பிள்ளை ஆசப்பட்டுட்டான் அண்ணே. என்ன செய்ய?" என்றார் மாமா.

நான் ஆசைப்படவே இல்லை. ஆனால் கூட்டம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தபோது, ஆசைப்பட்டதாக நானே நம்பிவிட்டேன். கைதட்டினேன். அவருடைய வியர்வை என் உச்சந்தலையில் சொட்டிக்கொண்டே இருந்தது. ரயில் போய்க் கேட் உயர்ந்ததும் எல்லோருக்கும் முன்னால் நாங்கள்தான் தண்டவாளத்தைக் கடந்தோம்.

கேட்டுக்கு முன்னால் கால் ஊன்ற ஒரு கல்லும் இல்லை. பாரத்தோடு சாய்த்து இறங்கினால் நானும் கட்டும் புழுதியில். "கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க" என்று ஒருவரிடம் கேட்டிருந்தால் போதும். கடையில் கேட்ட சிரிப்பை என் முன்னால் இன்னொரு முறை கேட்க அவருக்கு மனமில்லை. அந்த வண்டியை வாங்கியவர் அவர், தேர்ந்தெடுத்தவன் நான். இதைச் சொல்லலாம் என்றால் இப்போது அவர் இல்லை.

அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. கம்பெனியில் லேபிள் கட்டை ஒப்படைத்துவிட்டு மாமா பாறைமேல் வெகுநேரம் உட்கார்ந்து தொடையைப் பிடித்துவிட்டுக்கொண்டார். வேலைக் களைப்பு என்று நினைத்தேன். திரும்பி வரும்போது கேட் திறந்திருந்தது. ரோட்டில் யாரும் இல்லை. எனக்கு ஏமாற்றமாகிவிட்டது.

"மாமா, இங்கன இன்னொரு தடவ சுத்துங்க."

அவர் கொஞ்சதூரம் நேராகப் போனார். பிறகு ஹேண்டிலை ஒடித்தார். நான் கைதட்ட ஆரம்பித்தேன்.