தரையில் விழுந்த அடி

எஸ்தர் அக்கா இறந்த செய்திக்கு நான் கேக் படம் அனுப்பினேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது கொஞ்சம் மரியாதை. அன்று காலையில் சிப்ஸுக்கு நேந்திரங்காய் சீவிக்கொண்டிருந்தேன். நம் ஐந்தருவிக் கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அக்காவின் படம் வந்தது. கண்ணாடி கையில் இல்லை. படத்தைச் சுற்றிப் பூ இருந்ததால் பிறந்தநாள் என்று நினைத்து, "நூறு வருசம் இருந்து எங்க உயிர வாங்கணும்" என்று எழுதி, மெழுகுவத்தி வைத்த கேக்கையும் போட்டேன். அரை நிமிடத்தில் டீக்கடை அண்ணாச்சி போன் செய்தார்.

"ஏலே கூறுகெட்டவனே, எஸ்தர் செத்துப் போச்சுலே! விடியக்காலம் சொரண்டையில வீட்ல வச்சு நெஞ்சு வலியாம்."

பதறிப்போய் அழித்தேன். என் போனில் மட்டும்தான் அழிந்தது. உங்கள் போனில் அந்தக் கேக் இன்னும் இருக்கும். தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

அக்காவின் பழக்கடையும் என் சிப்ஸ் கடையும் ஒட்டி ஒட்டி இருந்தன. மங்குஸ்தான் விற்றதைவிட அக்கா குரங்கைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். "குரங்குன்னா எல்லாம் ஒண்ணுன்னு நெனைக்காத. அச்சன்புதூர் வயக்காட்டுல இருக்கது ஆளு தலையக் கண்டாலே ஓடும். அங்கன வெடி போட்டு வெரட்டுதாவ. இங்கன இருக்கது ஓடாது. பைய எடுத்துட்டு எதுத்தாப்ல உக்காந்து, நீ என்ன தருதன்னு பாக்கும்" என்பார். வெளியூர்க்காரர்கள் கடைக்கு வந்தால், பழத்தை நீட்டுவதற்கு முன்னால் இந்தப் பாடம்தான் நடக்கும்.

நான் கேட்கவில்லை. வடக்கே ஏதோ ஓர் ஊரில் புலி பொம்மை வைத்ததும் குரங்குகள் தலைதெறிக்க ஓடுகிற வீடியோ எனக்கு வந்திருந்தது. சுரண்டைச் சந்தையில் தேடி ஒரு பஞ்சுப் புலியை வாங்கி வந்து சிப்ஸ் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தேன். முதல் நாள் ஒன்றுகூடக் கிட்டே வரவில்லை. அக்காவைப் பார்த்து மீசையை முறுக்கினேன். இரண்டாம் நாள் ஒரு மந்தி ஏறி உட்கார்ந்து, புலிக்குப் பேன் பார்க்க ஆரம்பித்தது.

"ஏலே கொமரேசா, அந்த வீடியோக் குரங்கு என்னைக்குலே நம்ம அருவில குளிச்சிச்சு?" என்று கேட்டுவிட்டு, அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வந்த ஆட்களிடமெல்லாம் புலியைக் காட்டினார்.

அப்படிச் சிரித்தவரைத்தான் ஒரு வீடியோ முடக்கிப் போட்டது. போன சீசனில், மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய், நாலு வயதுப் பெண்பிள்ளையின் கையில் மக்காச்சோளத்தைக் கொடுத்து நிறுத்தியிருந்தார். பெரிய கடுவன் குரங்கு ஒன்று சோளத்தைப் பிடித்தது. பிள்ளை விடவில்லை. கடுவன் பல்லைக் காட்டியது. அக்கா கடையில் குரங்கு விரட்ட வைத்திருந்த கோலோடு பாய்ந்து, இரண்டுக்கும் நடுவில் தரையில் ஓங்கி ஒரு அடி போட்டார். குரங்கின் ரோமத்தில்கூடப் படவில்லை. இங்கே உள்ள குரங்குக்கு அது போதும், விட்டுவிட்டு மரத்தில் ஏறியது. அந்தத் தாய் அக்காவின் கையைப் பிடித்துக் கண்கலங்கினார். இதை நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன்.

பின்னாலிருந்து யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கமிருந்து பார்த்தால் பிள்ளை தெரியாது. அக்காவின் முதுகு, ஓங்கிய கோல், அலறி ஓடும் குரங்கு, அவ்வளவுதான். "குற்றாலத்துக் கொடுமைக்காரி" என்று பெயர் வைத்து நெட்டில் விட்டுவிட்டார்கள். முதல் நாள் நானும் கேலிதான் பேசினேன். "அக்கா, ஊரு பூரா ஒங்க முதுகுதான் ஓடுது" என்றேன். அந்த வாயை என்ன செய்வது?

அக்காவிடம் பட்டன் போன்தான் இருந்தது. தினமும் என் கடைக்கு வந்து, "இன்னைக்கு என்ன எழுதியிருக்கானுவ, வாசி" என்பார். நான் அஞ்சாம் வகுப்பு. கெட்டதைத் தாண்டிவிட்டு, இல்லாத நல்லதை நானே சேர்த்து வாசித்தேன். ஒரு நாள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நல்லதயெல்லாம் கடகடன்னு வாசிக்கே. கெட்டதுக்குத்தான் எழுத்துக் கூட்டுதே. உள்ளத வாசி."

வாசித்தேன். எங்கேயோ ஒரு கோயில் ஊர்க்காரர், தங்கள் ஊரில் குரங்கு கையில் வாங்கித் தின்றுவிட்டுச் சாதுவாகப் போகும், இந்தப் பொம்பளைக்கு ஈரமே கிடையாதா என்று எழுதியிருந்தார். அக்கா யோசித்துவிட்டு, "அவுக ஊர்ல அப்படித்தான் இருக்கும். பொய் சொல்லல" என்றார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. தன் ஊர்க் குரங்கை வைத்து என் ஊர் மனுஷியை அளக்க அந்த ஆளுக்கு யார் உரிமை கொடுத்தது?

பிறகு பழம் வாங்க வந்தவர்கள் குறைந்து, அக்காவைப் படம் பிடிக்க வந்தவர்கள் கூடினார்கள். அக்கா கோலைத் தொடுவதையே விட்டுவிட்டார்.

"அந்தப் பிள்ளையோட அம்மா ஒத்த வார்த்த சொன்னாப் போதும்லே. வேற ஒண்ணும் வேண்டாம்."

"ஒரு வாரத்துல கண்டுபிடிச்சுத் தாரேன்க்கா" என்றேன். எனக்குத் தெரிந்த குழுக்களிலெல்லாம் கேட்டுப் போட்டேன். ஒருவர் காலை வணக்கப் பூ அனுப்பினார். ஒருவர் குற்றாலத்தில் ரூம் கிடைக்குமா என்றார். இன்னொருவர், அக்காவைக் கண்டபடி திட்டும் அதே வீடியோவை எனக்கே அனுப்பி, இதைப் பத்துப் பேருக்கு அனுப்பு என்றார். பொய்யை வீடு வீடாகக் கொண்டு சேர்க்கிற இந்த போனால், மதுரைப் பக்கம் ஒரு தாயைத் தேடித் தர முடியவில்லை. ஒரு வாரம் ஒரு வருடமாகிவிட்டது. அக்கா கேட்பதை நிறுத்திவிட்டார். அது கேட்பதைவிடக் கொடுமையாக இருந்தது.

சுரண்டையில் அடக்கத்துக்கு நம்மில் ஆறு பேர் போயிருந்தோம். குழுவில் கும்பிடு போட்டவர்களை எண்ண முடியவில்லை. சீசன் நேரம், கடையை விட முடியாது, எனக்கும் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

அக்காவின் கோலைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். தரையில் அடித்து அடித்து நுனி பூவாகப் பிரிந்து கிடக்கிறது. குரங்கை அடித்த கோல் அப்படிப் பிரியாது. என்னிடம் இருக்கிற சாட்சி அது ஒன்றுதான். அடக்கத்துக்கு மறுநாள் காலை அதைக் கையில் பிடித்துக்கொண்டு, அக்காவின் பூட்டிய கடைக்கு முன்னால் நின்று, போனை டீக்கடை அண்ணாச்சியிடம் கொடுத்து வீடியோ எடுக்கச் சொல்லி, நடந்ததை நடந்தபடி முழுசாகச் சொன்னேன். நடுவில் அழுதும்விட்டேன். உடனே எல்லா இடத்திலும் போட்டேன்.

சாயங்காலம்தான் போட்டுப் பார்த்தேன். நாலு நிமிடமும் என் வாய் அசைகிறது. அருவிச் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்கிறது. கீழே ஒருவர், "அண்ணாச்சி, அஞ்சு கிளையிலயும் தண்ணி விழுதா?" என்று கேட்டிருந்தார். விழுகிறது என்று பதில் போட்டேன்.