கிதாபுக்கு ஒரு கமரா

கண்டி அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மூன்று கடையில் விலை கேட்காமல் குண்டூசியும் வாங்கமாட்டேன். கட்டுகஸ்தோட்டை வியாபாரி மரைக்கார், தம் பாட்டனார் தமிழை அறபு எழுத்தில் கைப்பட எழுதிய அறபுத்தமிழ்க் கிதாபு உதிர்வதற்குள் படமெடுத்துத் தரச் சொன்னார்.

முதல் கடைக்காரரே, "மலிவான பெட்டிக் கமரா போதுங்க ஐயா. கிட்ட வச்சு எடுக்க முன்னால ஒரு லென்ஸ் கண்ணாடி மாட்டிக்கங்க" என்றார். நான் முறைப்படி கொழும்பில் இன்னும் இரண்டு கடைகளுக்கு விலை கேட்டு எழுதிப்போட்டுக் காத்திருந்தேன். மழைக்காலம் போனபின் அதே கமராவை வாங்கிக்கொண்டு மரைக்கார் வீட்டுக்குச் சென்றேன்.

"கிதாபு தூளாப் போச்சு ஐயா. ஓதுற வசனம் எழுதினது, கால்ல படப்படாதே. மகாவலியில உட்டுட்டேன்" என்றார் மரைக்கார்.

அவர் ஏசியிருந்தால் விதிமுறையைச் சொல்லித் தப்பியிருப்பேன். தேத்தண்ணியை நீட்டி, "சீனி போதுமா?" என்றுதான் கேட்டார்.

போதும் என்றேன்.