வெள்ளியில் திருந்தி, சனியில் இறுகிய அக்ஸிலேற்றர்

இயங்குவன யாவற்றையும் இயக்குபவனும், நிற்கவேண்டிய இடத்தில் நிற்கச் செய்பவனுமாகிய இறைவனின் திருவடிகளை முதற்கண் வணங்குகிறேன். பழைய மோட்டார் சைக்கிள் திருத்தும் தொழிலில், ஓடாத வண்டியைவிட நிற்காத வண்டியே நம்மை அதிகம் சோதிக்கும் என்பதைக் கிறீஸ் படிந்த கைகளையுடைய அன்பர்கள் அறிவீர்கள்.

வாசலைத் தாண்டிய மீன்

முல்லைத்தீவுக் கரையிலிருந்து பரந்தனுக்கு மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவந்து விற்கும் அன்ரன், வெள்ளிதோறும் என் கராச்சுக்கு வருவார். அன்று விரதமாதலால் எங்கள் ஒழுங்கை வீடுகளில் மீன்சட்டி அடுப்பேறாது, அவருக்கும் ஓய்வு. சனியன்றுதான் அவருடைய பெரிய வியாபாரம். முறுக்கிய அக்ஸிலேற்றர் திரும்ப மறுக்கிறது என்று ஒரு வெள்ளி முறையிட்டார். கேபிளை மாற்றி எண்ணெயிட்டேன். வழமைபோலப் பூசைச் சந்தனத்தையும் திருநீற்றையும் குழைத்துக் கைபிடியில் தாராளமாகச் சாத்தி அனுப்பினேன்.

மறுநாள் அயல்வீட்டுப் பாக்கியம் மீன் வாங்கச் சட்டியோடு தன் வீட்டுப் படலையில் நின்றார். ஹோர்ன் கேட்டது, அன்ரன் வந்தார், வந்த வேகத்திலேயே போனார். திறப்பைத் திருகி எஞ்சினை அணைத்து வண்டியை நிறுத்தியபோது நான்கு வீடுகள் கடந்திருந்தன. வெறுஞ்சட்டியோடு பாக்கியம் என்னிடம் வந்தார்.

"உங்கட திருத்தத்தில மீன் திரும்பக் கடலுக்கே போகுது, அண்ணை."

உப்பின்மேல் பழி

அடுத்த வெள்ளி, கடற்காற்றின் உப்பையே குற்றவாளியாக்கி, காபரேற்றரைக் கழற்றிக் கழுவினேன். துணைக்கு இருக்கட்டும் என்று சந்தனத்தை இருமடங்காகச் சாத்தினேன். சனியன்று வண்டி ஆறு வீடுகள் தாண்டி நின்றது. இதற்கிடையில் ஒலிபெருக்கியோடு ஒரு மீன் லொறி ஒழுங்கைக்குள் நுழையத் தொடங்கியிருந்தது. அன்ரன் பெட்டியில் மிஞ்சிய பாரை மீன்களைப் பார்த்தபடி சொன்னார்:

"இன்னொரு சனி இப்பிடிப் போனால் என்ர வாடிக்கை முழுக்க லொறிக்காரனுக்குத்தான், ஐயா."

கைபிடியின் நறுமணம்

மூன்றாம் வெள்ளி, கழற்றாமல் எஞ்சியிருந்தது கைபிடி ஒன்றே. அதை உருவினேன். உள்ளே சுண்ணாம்புபோல் இறுகிய வெண்மை. தட்டினேன், உதிர்ந்தது. கராச் முழுவதும் கோயில்போல் மணத்தது. எத்தனையோ வெள்ளிகளாக நான் சாத்தி, கைபிடிக்குள் கசிந்து மறுநாளுக்குள் காய்ந்து இறுகிய சந்தனம் அது. கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு அன்ரன் சிரித்த சிரிப்பில் ஸ்பானர்கள் குலுங்கின.

"என்ர மாதா நில் எண்டுறா, உங்கட சாமி போ எண்டுறார், நடுவில நான் என்ன செய்யிறது, ஐயா?"

படலையில் நின்ற வண்டி

துடைத்துப் பூட்டியதும் கைபிடி துள்ளித் திரும்பியது. சனி காலை, லொறிக்கு முன்னரே அன்ரன் வந்தார். பாக்கியத்தின் படலைக்கு நேரே நின்றார். சட்டி நிறைந்தது. முன்விளக்கின்மேல் நான் புதிதாக வைத்திருந்த சிறு சந்தனப் பொட்டைப் பாக்கியம் குனிந்து பார்த்தார்.

"அது நல்ல இடம், அண்ணை. சாமி வழியைப் பாக்கட்டும். கைபிடியை அன்ரன் பாக்கட்டும்."

மூன்று வாரம் நான் தேடிய பழுதை, ஒவ்வொரு வாரமும் பக்தியோடு பூசி அனுப்பியவனும் நானே. இதைக் கேட்போர் அனைவரின் ஓட்டமும் உரிய வாசலில் நிற்க இறைவன் அருள்வானாக.