சட்னியில் விழுந்த போன்

போன வெள்ளிக்கிழமை என் செல்போன் சட்னியில் விழுந்தது.

சிரிக்காதீர்கள். சைக்கிளில் இட்லி விற்கிறவனுக்கு வேறு எதில் விழும்? மும்பை மாதுங்காவில் ஒருவருக்குச் சட்னி ஊற்றக் குனிந்தேன். சட்டைப் பையிலிருந்து நழுவி, நேராகத் தூக்குவாளிக்குள்… முங்கு நீச்சல்!

போன் செத்ததுகூடப் பெரிதில்லை. அதற்குள் ஒரு விலாசம் இருந்தது. தெருமுனையில் என்னிடம் வழக்கமாக வாங்கும் மாமி, மகள் வளைகாப்புக்கு இருநூறு இட்லி சொல்லியிருந்தார். "ஞாயித்துக்கிழமை கார்த்தால ஏழு மணிக்கு. செம்பூர்ல, அவ ஆத்துல. அட்ரஸ் அனுப்பிட்டேன், பாத்துக்கோங்கோ."

நான் பார்க்கவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மாமியின் வீடும் தெரியாது. நம்பர் சிம்மிலும் இல்லை. எல்லாம் அந்தப் போனுக்குள்!

வீட்டுக்காரி போனில் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன். பாட்டு. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்.' மறுபடி பாட்டு. கடைசியில் ஒரு பெண், இந்தியில் — "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் சார். பத்து நாளில் சரியாகிவிடும் சார்."

"ஞாயிற்றுக்கிழமை இட்லி கொடுக்கணும்மா…"

"வேறு ஏதாவது உதவி வேண்டுமா சார்?"

முதல் உதவி எப்போது நடந்தது?

மறுநாள் செம்பூரில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குக் கிளம்பினேன். "வாயத் தொறந்து பேசுங்க. சும்மா நின்னுட்டு வந்துராதீய" என்றாள் வீட்டுக்காரி. எங்கள் தாராவி சந்தின் டீக்கடைக்காரரோ, "அண்ணாச்சி, உள்ள ஈரம் போச்சுன்னு மட்டும் சொல்லிராதீய. வாரண்டி போயிரும்" என்றார்.

கூச்சக்காரன் யார் பேச்சைக் கேட்பான்? பேசாமல் இருக்கச் சொன்னவர் பேச்சைத்தானே! "தண்ணீரில் விழுந்ததா?" என்று கவுன்ட்டரில் கேட்டார்கள். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

இரண்டு மணி நேரம். பிறகு எஞ்சினியர் சாவந்த் வெளியே வந்தார். கையில் ஒரு குட்டி இடுக்கி. அதன் நுனியில் ஒரு கடுகு.

"அண்ணா, யே க்யா ஹை?"

தமிழன் என்றால் மும்பையில் எவனும் அண்ணாதான். "ராயி…" என்றேன். கடுகுக்கு இந்தியில் அதுதானே பெயர்? வரிசையே சிரித்தது.

"வந்ததுமே சொல்ல என்ன? பேட்டரியா, போர்டா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். வாரண்டியை மறந்துவிடு! வாயில் என்ன, இட்லியா?"

அதற்கப்புறம்தான் எனக்கு வாய் திறந்தது. வளைகாப்பு, இருநூறு இட்லி, விலாசம்… ஓட்டை இந்தியில் மொத்தத்தையும் கொட்டினேன்.

சாவந்த் என்னையே பார்த்தார். "பொண்ணுக்கு ஏழாம் மாசமா?"

"ஆமாம் சாப்."

"அரே, முதலில் இதையல்லவா சொல்லணும்!"

திட்டிக்கொண்டே உள்ளே கூப்பிட்டார். திட்டிக்கொண்டே பிரஷ்ஷால் துடைத்தார். வேறு பேட்டரி மாட்டினார். திரை மினுங்கியது. "சீக்கிரம்! எப்போது அணையும் என்று தெரியாது."

இங்கிலீஷை நான் எழுத்துக் கூட்டுவதற்குள் விடிந்துவிடும். அவர் வாசிக்க வாசிக்க, உள்ளங்கையில் தமிழில் எழுதினேன். தெரு… கட்டடத்தின் பெயர்… பி விங்… மூன்றாவது மாடி…

திரை இருண்டுவிட்டது. கதவு நம்பர் போச்சு!

ஞாயிறு காலை, இட்லிப் பாத்திரத்தோடு மூன்றாவது மாடியில் நின்றேன். நான்கு கதவுகள். மூன்றில் செருப்பு மட்டும். நான்காவதன் வாசலில் பெரிய கோலம், ஈரம்கூடக் காயவில்லை. பெல்லை அழுத்தினேன்.

மாமிதான் திறந்தார். "வந்துட்டேளா? மணி இன்னும் ஏழு ஆகலையே!"

'சார், சார்' என்று எனக்காக வருந்தியவர்கள் பத்து நாள் கேட்டார்கள். திட்டியவர் பத்து நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தார்.

இப்போதெல்லாம் யாராவது ரொம்பப் பணிவாகப் பேசினால்… பக்கத்தில் திட்டுகிறவர் யாராவது இருக்கிறாரா என்று தேடுகிறேன்!