நீலப் பையில் போன மீன்கொத்தி

என் அண்ணிக்கு அழகிப் போட்டி என்றாலே ஆகாது. "நடந்து காட்டுறதுக்கு ஒரு கிரீடமா? நானும்தான் ஒரு நாளைக்குப் பதினாலு ரூம் நடக்கறேன், எவன் கைதட்டினான்?" என்பாள். அப்படிப்பட்டவள் வேலை பார்க்கும் ஹோட்டலுக்கே, அதுவும் அவள் பார்க்கும் ஏழாம் மாடிக்கே, பதினான்கு அறை நிறைய வெளிநாட்டு அழகிகள் வந்து இறங்கினார்கள்.

அண்ணி என்னைவிட இரண்டு வயது சின்னவள். அதனால் எங்களுக்குள் வா, போ தான். கட்டிக்கொண்டு போன இடம் சரிப்படாமல் ஒரு பெட்டியோடு நான் திரும்பி வந்தபோது, ஏன் என்று அண்ணன் கேட்டான், பக்கத்து வீடு கேட்டது, அண்ணி மட்டும் கேட்கவில்லை. அலமாரியில் தன் துணிகளைத் தள்ளிவைத்து ஒரு தட்டைக் காலி செய்தாள். அடுத்த மாதம் அதே ஹோட்டலின் சலவைப் பிரிவில் எனக்கு இஸ்திரி போடும் வேலையும் வாங்கிக் கொடுத்தாள். நாத்தனாரும் அண்ணியும் என்றால் எலியும் பூனையுமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் எங்கள் வீட்டில் ஏமாந்துதான் போனார்கள். சண்டை போடுவோம், அது வேறு.

அறைகளைச் சுத்தம் செய்வதில் அவள் பத்தொன்பது வருடம் போட்டிருக்கிறாள். ஆள் இல்லை என்று தெரிந்தாலும் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவாள். நாற்காலியில் முட்டிக்கொண்டால் நாற்காலியைத் தடவிக் கொடுப்பாள். திரைச்சீலையை விலக்கி, ஜன்னல் வழியே வெளியே ஒரு நிமிடம் பார்த்த பிறகுதான் மெத்தைவிரிப்பில் கை வைப்பாள். அந்த ஒரு நிமிடம்தான் தன் சம்பளத்திலேயே பெரிய பங்கு என்று சொல்வாள். அண்ணனுக்கு முதுகு போய் இரண்டு வருடமாகிறது. அதனால் மீதிப் பங்கும் வீட்டுக்கு அவசியம்.

போட்டியின் பெயர் ஒன்றரை முழம் இருக்கும். சுருக்கமாகச் சொன்னால், மண்ணையும் நீரையும் காப்பாற்றுங்கள் என்று உலகத்துக்கு எடுத்துச் சொல்ல ஓர் அழகியைத் தேர்ந்தெடுப்பது. நல்ல காரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தண்ணீரைச் சேமியுங்கள் என்று மேடையில் பேசிவிட்டு வந்தவர்கள் ஆளுக்கு நாலு துண்டு கேட்டார்கள். அத்தனையையும் துவைத்தது கீழே நாங்கள். இதை நான் சொன்னால் அண்ணிக்குப் பொறுக்காது. "பாவம், சின்னப் பொண்ணுங்க. அவ்ளோ முடிக்கு ஒரு துண்டு எப்படிப் பத்தும்?" என்று அவர்களுக்கே வக்காலத்து வாங்குவாள். மூன்றே நாளில் கட்சி மாறிவிட்டாள்.

வந்த முதல் நாளே போட்டியை நடத்தும் அம்மாள் எங்களுக்கு வகுப்பு எடுத்தாள். ஈரக் குப்பை பச்சைப் பையில், உலர்ந்த குப்பை நீலப் பையில், பேட்டரி, மருந்து எல்லாம் சிவப்பில். அறையில் காலியான பிளாஸ்டிக் உறை எதைப் பார்த்தாலும் யோசிக்காமல் நீலப் பையில் சேர்க்க வேண்டும், தினமும் பதினோரு மணி வண்டியில் அது தரம்பிரிக்கும் கொட்டகைக்குப் போய்விடும். நாங்களெல்லாம் தூங்கி வழிந்தோம். அண்ணி முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டாள். அன்றைக்கே வீட்டிலும் மூன்று பை முளைத்துவிட்டது. முதுகில் தேய்க்கும் தைலத்தின் காலிப் புட்டியைத் தப்பான பையில் போட்டதற்கு அண்ணன் வாங்கிக் கட்டிக்கொண்டதை நான் கண்ணாரப் பார்த்தேன்.

அலங்கார உடை அணிவகுப்பு நடக்கவிருந்த நாள் மதியம், சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணியின் முகம் பூரித்துக் கிடந்தது.

"பதினாலாம் நம்பர் ரூம்ல ஒரு பொண்ணு இருக்கா பாரு, தங்கம். சோப்புத்தூள் உறை, பிஸ்கட் உறை எல்லாத்தையும் கழுவி, துடைச்சு, நீலப் பையிலயே போட்டுக் கூடை பக்கத்துல வச்சிருந்தா. பை வாயைக் கட்டி வண்டியில ஏத்தினதுதான் என் வேலை. எப்படி வளர்த்திருக்காங்க!"

"ஒரு ஆள் எத்தனை பிஸ்கட் தின்னா ஒரு பை நிறையும்?" என்று நான் கிண்டல் செய்தேன். இரண்டு பேரும் சிரித்தோம். அதைத் தாண்டி யோசிக்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

இரண்டு மணிக்கு ஏழாம் மாடியில் கூக்குரல் கேட்டது. அந்த அறையில் இருந்தது இரண்டு பேர். ஒருத்தி குட்டையாக, துறுதுறுவென்று இருப்பாள். அவள் நாட்டில் மீன்கொத்தி பிரபலம் என்பதால் மீன்கொத்தி வடிவத்தில் உடை கொண்டுவந்திருந்தாள். அவளுடைய அம்மாவும் மூன்று சித்திகளும் ஐந்து மாதம் உட்கார்ந்து, தூக்கி எறியப்பட்ட உறைகளை வெட்டி இறகு இறகாகத் தைத்தது. கசங்காமல் இருக்க ஒரு நீலப் பையில் போட்டு வைத்திருந்தாள். அதைத்தான் காணவில்லை. கூடத் தங்கியிருந்தவள் கதவு நிலையில் குனிந்து வரும் உயரம். சலவைப் பிரிவில் நாங்கள் அவளுக்கு நெட்டைக்கொக்கு என்று பெயர் வைத்திருந்தோம். அறைச் சாவி இந்த இரண்டு பேரிடம்தான் இருந்தது. சுத்தம் செய்கிறவளிடமும் ஒரு சாவி உண்டு என்பது யாருக்கும் நினைவு வரவில்லை. எங்களை அந்த அளவுக்குத்தான் பார்ப்பார்கள்.

பழி நெட்டைக்கொக்கின் தலையில் விழுந்தது. போட்டியை நடத்தும் அம்மாள் அவளுடைய பெட்டியைத் தாழ்வாரத்துக்கு இழுத்துவரச் செய்து, எல்லார் முன்னாலும் திறந்து கொட்டினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒளித்துவைத்த இடத்தைச் சொல்லாவிட்டால் மாலை அணிவகுப்பிலும் இல்லை, போட்டியிலும் இல்லை என்று தீர்ப்பும் ஆகிவிட்டது. விரிப்புகளை எடுக்கப் போன அண்ணி இதைப் பார்த்திருக்கிறாள். அந்தப் பெண் தன் உள்ளாடைகளைத் தரையிலிருந்து பொறுக்கிப் பெட்டியில் திரும்ப வைத்துக்கொண்டிருந்தாளாம், சத்தமே இல்லாமல் அழுதுகொண்டு.

அண்ணி கீழே துணிகள் அடுக்கும் அறைக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவளுக்கு.

"அது பிஸ்கட் உறை இல்ல. டிரெஸ். நான்தான் அனுப்பிட்டேன்."

உடனே கதவைச் சாத்தினேன். அடுத்து நான் பேசியதை இப்போது எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே. உன்னை யாரும் சந்தேகப்படல. அவ யாரோ, எந்த நாட்டுக்காரியோ. ரெண்டு நாள்ல பிளேன் ஏறிப் போயிடுவா. நமக்கு நாளைக்கும் இங்கதான் வேலை. வீட்டுல அண்ணன் படுத்துக் கிடக்கான், ஞாபகம் இருக்கா?"

"போயிடுவா. ஆனா திருடின்னு பேர் வாங்கிட்டுல்ல போவா?"

"போகட்டும்!" என்றேன். கதவுக்குக் குறுக்கே கையை வேறு வைத்துக்கொண்டேன்.

அண்ணி என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவள் என் கையை மெதுவாக எடுத்து விலக்கினாள், அவ்வளவுதான். "தள்ளும்மா, நேரமாகுது" என்று சொல்லிவிட்டு மேலே போனாள். நானும் பின்னாலேயே போனேன். என்னிடம் மதியமே சொன்னதாகச் சொல்லிவிடுவாளோ, என் வேலையும் சேர்ந்து போய்விடுமோ என்ற பயம். அதற்காகத்தான் போனேன்.

மானேஜர் அறையில் அவரும், போட்டியை நடத்தும் அம்மாளும், மொழிபெயர்க்கும் பெண்ணும், அந்த இரண்டு அழகிகளும் இருந்தார்கள். அண்ணி இங்கேயும் கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழைந்தாள்.

"அந்தப் பையை எடுத்தது நான். குப்பைன்னு நெனச்சு பதினோரு மணி வண்டியில ஏத்திட்டேன். இந்த உயரமான பொண்ணு மேல ஒரு தப்பும் கிடையாது."

மானேஜரின் முகம் கடுகடுத்தது. "உடைக்கும் குப்பைக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?"

"பை வாயைத் திறந்து பார்த்தேன் சார். எல்லாம் கழுவி மடிச்சு சுத்தமா இருந்துச்சு. குப்பையைக்கூட இவ்ளோ அழகா வைக்குதே இந்தப் பொண்ணுன்னு நெனச்சேன்."

அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் மீன்கொத்திப் பெண்ணுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டன. நெட்டைக்கொக்கு மட்டும் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு எடுத்த அம்மாள் தன் கைப்பையின் பட்டையை நீவிக்கொண்டிருந்தாள். என் பெயரை அண்ணி எடுக்கவே இல்லை.

ஹோட்டல் வண்டியில் எங்கள் இருவரையும் கொட்டகைக்கு விரட்டினார்கள். போகிற வழியெல்லாம் அண்ணி டிரைவரை அவசரப்படுத்திக்கொண்டே வந்தாள். வந்த உறைகளை எந்திரத்தில் போட்டு அழுத்திக் கட்டாக்கிவிடுவார்கள் என்று வகுப்பில் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். கேள்வி கேட்டவளுக்கு அந்தக் கஷ்டம்.

கொட்டகை வாசலில் நாங்கள் அப்படியே நின்றுவிட்டோம். உள்ளே தரம்பிரிக்கும் பெண்கள் ஆறேழு பேர், ஆளுயரக் கட்டுகளுக்கு நடுவே இரண்டு வரிசையாக நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில், ரப்பர் பூட்சும் கையுறையுமாக, நல்ல பருமனான ஓர் அம்மாள் மீன்கொத்தியாக நடந்துவந்தாள். இறக்கைகள் இரண்டு பக்கமும் நீலமாக விரிந்திருந்தன. இடுப்பில் மூடாத இடத்தைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். கடைசிவரை வந்து, திரும்பி, ஒரு கையை இடுப்பில் வைத்து நின்றாள் பாருங்கள், மாலையில் நான் பார்த்த ஒருத்திக்கும் அந்த மிடுக்கு வரவில்லை. அழகிப் போட்டி ஆகாத என் அண்ணி, கண்ணீர் ஓட ஓடக் கைதட்டினாள்.

எங்களைப் பார்த்ததும் அந்த அம்மாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "குப்பை ஓடி வர்ற பெல்ட்டுல வந்துச்சும்மா. எடுத்துப் பார்த்தா பொடிப் பொடியா தையல். இவ்ளோ தையல் போட்டதை யாராச்சும் தெரிஞ்சே எறிவாங்களா? தேடி வருவாங்கன்னு எந்திரத்துல போடாம எடுத்து வச்சோம். டீ குடிக்கிற நேரத்துல சும்மா ஒரு தடவை... தப்பா எடுத்துக்காதீங்க. இடுப்புல ஒரு தையல் விட்டுப்போச்சு."

"தப்பா? நல்லா இருங்க தாயி" என்று அண்ணி அவளை இறக்கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

மாலையில் மீன்கொத்தியும் நடந்தாள், நெட்டைக்கொக்கும் நடந்தாள். இருவருக்கும் பரிசு இல்லை. அண்ணிக்கு மட்டும் கடிதம் கிடைத்தது. வேலை போகவில்லை, ஆனால் இனி விருந்தினர் அறைகளுக்குள் நுழையக் கூடாது, சலவைப் பிரிவில் துண்டு மடிக்க வேண்டும். சலவைப் பிரிவு நிலத்தடியில் இருக்கிறது. அங்கே ஜன்னல் கிடையாது. மறுநாள் காலை வந்து என் பக்கத்து மேசையில் நின்றவள், சுவரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு முதல் துண்டை எடுத்தாள்.

பத்து மணிக்கு நெட்டைக்கொக்கு, குழாய்களில் தலை இடிக்காமல் குனிந்து குனிந்து, மொழிபெயர்க்கும் பெண்ணோடு அங்கே வந்தாள். அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"பெட்டியைக் கொட்டினப்போ அம்பது பேர் பார்த்தாங்களாம். அதுல ஒருத்தர்கூட வாயைத் திறக்கலையாம். உங்களுக்குப் பயமா இல்லையான்னு கேக்கறாங்க."

"பயமாத்தான் இருந்துச்சு" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு என் பக்கம் கையைக் காட்டினாள். "இவ என் நாத்தனார். 'போய்ச் சொல்லு, நான் கூட வர்றேன்'னு இவதான் தைரியம் கொடுத்தா."

மொழிபெயர்க்கும் பெண் அதை அப்படியே சொன்னாள். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் வந்து என்னை இறுகக் கட்டிக்கொண்டாள். என் கையில் சூடான இஸ்திரிப் பெட்டி இருந்தது. அவள்மேல் பட்டுவிடாமல் கையை விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். காதருகில் அவள் பாஷையில் ஏதோ சொன்னாள். மொழிபெயர்க்கும் பெண்ணுக்குக் கேட்கவில்லை, எனக்குப் புரியவில்லை. இல்லை என்று தலையையாவது ஆட்டியிருக்கலாம். ஆட்டவில்லை.

அவர்கள் போன பிறகு கேட்டேன். "எதுக்குடி அப்படிச் சொன்னே?"

அண்ணி துண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கூட வந்தேல்ல?" என்றாள்.

ஏன் கூடப் போனேன் என்பதை அவளிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப்போகிறாள்.