சத்தம் வேண்டாம் என்றார் அப்பா

எங்கள் அத்தைக்கு வீட்டில் வைத்த பெயர் ரேடியோ. பல் டாக்டரிடம் உதவியாளர். வாயைப் பிளந்தபடி கிடப்பவர்களுக்குப் பயம் தெரியாமலிருக்கப் பகலெல்லாம் பேசிக்கொண்டே இருப்பாள். வீட்டுக்கு வந்தும் நிறுத்தமாட்டாள். கல்யாணமே வேண்டாமென்று சொல்லிவிட்டு, சொந்தச் சம்பளத்தில் வீடியோ கேமரா வாங்கிய மகராசி.

அந்தக் கேமராவை யாரையும் தொட விடமாட்டாள். அதனால் எங்கள் பழைய கேசட்டுகளில் அவளைத் தவிர எல்லாரும் இருப்போம். அவள் குரல் மட்டும் பின்னாலிருந்து வரும். அம்மாவை உட்காரச் சொல்லும், அப்பாவை வம்புக்கு இழுக்கும்.

என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் வீட்டார் வரும் நாளில் போட்டுக் காட்ட, அப்பா அவற்றை டிஸ்க்கில் மாற்றக் கொடுத்தார். சத்தமே வேண்டாம், படம் மட்டும் போதும் என்றாராம். கடைக்காரர் இரண்டு தரம் கேட்டும் அதே பதில். தங்கச்சி வாயடிப்பதைக் கேட்டால் சம்பந்தி முன்னால் மானம் கப்பலேறிவிடுமாம். மாற்றி முடித்ததும் கேசட்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அத்தை அழவில்லை. "படத்துல நான் எங்கயும் இல்லடி. சத்தத்துல மட்டும்தான் இருந்தேன். அதையும் தொடச்சிட்டான் உங்கப்பன்" என்றாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். டிவியில் நாங்கள் எல்லாரும் கேமராவைப் பார்த்துச் சிரித்தோம், எதற்கென்று தெரியாமல். கேசட் பழசு, சத்தம் போய்விட்டது என்று அப்பா கூசாமல் சொன்னார்.

அத்தை நாற்காலியை டிவி பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணி, கொஞ்சம் உக்காருங்களேன்" என்றாள். திரையில் அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். "ஏண்ணா, உன் தட்டை நீயே எடுத்தா கை தேஞ்சிடுமா?" திரையில் அப்பா முறைத்தார். ஒரு வார்த்தைகூட அவள் மறக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

அப்பா ரிமோட்டைத் தேடினார். நான் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.

திரையில் இளவயது அப்பா கை ஓங்கியபடி கேமராவை நோக்கி வந்தார். இங்கே கூடத்திலும் அப்பா எழுந்து நின்று, "போதும், நிறுத்து" என்றார். அத்தை அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"கையை ஓங்கினா நிறுத்திடுவேன்னு பாத்தியா? ஓடிக்கிட்டுதான் இருக்கு. சொல்ல வந்ததைச் சொல்லு."

திரையில் அந்தக் கை இறங்கியது. இங்கே யாரும் சிரிக்கவில்லை. தட்டுகளோடு சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா, அவற்றை அப்பா கையில் கொடுத்துவிட்டு, அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.